வீழ்ந்த கைக்கும் பாடம் வேண்டும்

தமிழில் 'கை' என்னும் ஓரெழுத்துச் சொல்லுக்கு வாய்த்த பெருக்கம் பிற உறுப்புப் பெயர்கள் பலவற்றிற்கு வாய்க்கவில்லை. கைத்தொழில், கைவினை, கைப்பொருள், கைம்மாறு, கைராசி, கைமணம் என்று அது வாழ்வின் எல்லாத் துறைகளிலும் புகுந்து கிடக்கின்றது. உதவுதலைக் கைகொடுத்தல் என்கிறோம். உதவாது ஒதுங்குதலைக் கைவிடுதல் என்கிறோம். இத்தகைய மொழியைப் பேசும் நாம், பக்கவாதத்தால் ஒருவருக்குக் கை வீழ்ந்துவிட்டால் அந்தக் கையை எத்துணை விரைவாகக் கைவிட்டுவிடுகின்றோம் என்று எண்ணும்போது வியப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றுகின்றன. "கால் வந்துவிட்டது, பள்ளிவாசல் வரை நடந்து போகிறார், கைதான் வரவில்லை" என்பது நம் தெருக்களில் அடிக்கடி கேட்கும் வாசகம். அதைச் சொல்லும் குரலில் பெரும்பாலும் ஒரு நிறைவே ஒலிக்கும். கையின் கணக்கு அதனோடு முடிந்துவிடும்.

மருத்துவம் பயிலாத தமிழாசிரியர் இப்பொருளில் புகலாமா என்னும் வினா எழலாம். வீழ்ந்த கை மீளும் வழியைப் பற்றி இன்றைய மருத்துவ உலகம் கூறுவன யாவும் கற்றல், கற்பித்தல், பழகுதல் என்னும் நம் தொழிலுக்கு மிக நெருங்கியவையாக இருத்தலின் புகத் துணிந்தேன்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். வளி, பித்தம், ஐயம் என்று நம் முன்னோர் வகுத்த மூன்றனுள் வளியே வாதம். உடலின் ஒரு பக்கத்தைப் பற்றிய வளி என்னும் கருத்தில் பக்கவாதம், பாரிசவாதம் என்னும் பெயர்கள் அமைந்தன. அக்கால அறிவின் எல்லைக்குள் அது பொருத்தமான பெயரே. ஆயினும் பெயர் தன்னோடு ஒரு கருத்தையும் சுமந்துகொண்டு வந்துவிடுகின்றது. கையில் ஏதோ இறங்கிவிட்டது. தேய்த்தால், பிழிந்தால், சூடேற்றினால் அது வெளியேறிவிடும் என்று மக்கள் நம்புகின்றனர். எண்ணெய் வகைகள் வருகின்றன. புறாவின் இரத்தத்தைக் கையில் தடவும் கொடிய வழக்கமும் நம் பகுதிகளில் இன்னும் முற்றாக ஒழிந்தபாடில்லை. பாவம், அந்தப் புறாவும் நோயாளியும் ஒருங்கே வருந்துவதன்றி அதனால் விளையும் பயன் யாதும் இல்லை.

உண்மையில் நோய் கையில் இல்லை. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டோ வெடித்தோ மூளையின் ஒரு பகுதி அழிந்துபோகின்றது. அடைப்பைக் கரைக்கும் மருந்து உண்டு. அதனைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். வாய் கோணினாலோ கை தொங்கினாலோ ஒரு கணமும் தாழ்க்காது மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பதை இக்கட்டுரையில் வேறெதனை மறப்பினும் இதனை மறவற்க. அந்த நேரம் கடந்த பின்னர் எஞ்சியிருப்பது கை, அதன் தசையும் எலும்பும் நரம்பும் முன்போலவே உள்ளன, ஏவுவோன்தான் இல்லை.

கனடா நாட்டு அறுவை மருத்துவர் பென்பீல்டும் அவருடைய துணைவர் போல்ட்ரியும் 1937இல் மூளையின் மேற்பரப்பில் எந்த இடம் எந்த உறுப்பை இயக்குகின்றது என்பதைக் கண்டு வெளியிட்டனர். அதன்வழி வரையப்பெற்ற படத்தில் கைக்கும் விரல்களுக்கும் உரிய இடம், முதுகு முழுமைக்கும் உரிய இடத்தினும் மிகப் பெரிதாக இருக்கும். பெருவிரல் ஒன்றுக்கே பேரிடம். பொத்தான் இடுதல், ஊசியில் நூல் கோத்தல், எழுதுகோல் பிடித்தல் ஆகிய செயல்களுக்கு அத்துணை நுண்ணிய ஆட்சி வேண்டியிருக்கின்றது. கால் ஓரளவு விறைத்திருப்பினும் ஊன்றுகோலாகப் பயன்பட்டுவிடும். விறைத்த கைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அன்றியும் வாதம் கண்ட கையில் மூடும் ஆற்றல் முன்னே வரும்; விரிக்கும் ஆற்றல் பின்னே வரும், சிலருக்கு வாராமலும் போகும். முட்டி இறுகி நெஞ்சோடு ஒட்டிக்கிடக்கும் கைகளை நாம் காண்பது இதனால்தான்.

இனி இக்கட்டுரையின் உயிர்நிலையான செய்திக்கு வருவோம். அழிந்த மூளைப்பகுதி மீண்டும் முளைப்பதில்லை. ஆயினும் எஞ்சிய பகுதி, அழிந்ததன் வேலையைக் கற்றுக்கொள்ள வல்லது. இது எளிதில் ஒப்பப்பட்ட செய்தியன்று. எட்வர்டு டாப் என்னும் அமெரிக்க உளவியலாளர் குரங்குகளின் ஒரு கையில் உணர்ச்சி நரம்புகளைத் துண்டித்து ஆராய்ந்தார். இயக்கும் நரம்புகள் நன்றாக இருந்தும் அந்தக் குரங்குகள் அக்கையைப் பயன்படுத்தவில்லை. நல்ல கையைக் கட்டிவைத்தபோது வேறு வழியின்றி உணர்விழந்த கையைப் பயன்படுத்தலாயின. தொடக்கத்தில் முயன்று முயன்று தோற்றமையால், 'இக்கை பயன்படாது' என்பதையே விலங்கு பாடமாகக் கற்றுவிடுகின்றது என்று அவர் முடிவு செய்தார். அந்த ஆய்வின் கொடுமை பற்றி 1981இல் பெரிய வழக்கே எழுந்தது; அது வேறு செய்தி. நமக்கு வேண்டுவது அந்த முடிவு: பயன்படுத்தாமையும் ஒரு பாடமே. நாள்தோறும் பயன்படுத்தாமல் விட்டால், நாள்தோறும் அந்தப் பாடம் ஆழப்படுகின்றது.

இப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் யாவர்? கூற நா கூசுகின்றது; அன்புடைய குடும்பத்தினரே ஆவர். தந்தைக்கு வாதம் கண்டுவிட்டால் மகள் சோறூட்டுகிறாள். மகன் சட்டை மாட்டுகிறான். மருமகள் ஒளூவுக்குத் தண்ணீர் வார்த்துக் கையையும் தானே கழுவிவிடுகிறாள். பெரியவர் தஸ்பீஹ் மணியை நழுவவிட்டால் பேரப்பிள்ளை பாய்ந்து எடுத்துக் கொடுக்கிறது. பெற்றோரைப் பேணுதல் இறைவணக்கத்திற்கு அடுத்த கடமையாகக் கருதப்படும் சமுதாயம் நம்முடையது. இதில் எவரையும் குறைகூற மனம் வாராது. எனினும் ஒவ்வொரு முறை நாம் முந்திக்கொண்டு செய்யும்போதும், அந்தக் கைக்குக் கிடைக்க வேண்டிய ஒரு பயிற்சி பறிபோகின்றது. சட்டையை அவரே மாட்டினால் கால்மணி நேரம் ஆகும். நாம் மாட்டினால் ஒரு நிமிடம். அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் ஓடும் வீட்டில் கால்மணி நேரத்தைப் பொறுத்திருத்தல் சோறூட்டுதலினும் அரிய தொண்டு.

டாப்பின் கருத்தினைப் பின்பற்றி அமெரிக்காவில் ஒரு சிகிச்சை முறை உருவாயிற்று. நல்ல கைக்கு ஓர் உறை மாட்டிவிடுவர். விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி அவ்வாறே இருத்தல் வேண்டும். பலவீனமான கையைக் கொண்டே எல்லாம் செய்யவேண்டும். வாதம் கண்டு மூன்று முதல் ஒன்பது மாதங்கள் ஆன 222 பேரைக் கொண்டு இரண்டு வாரம் இம்முறையை ஆய்ந்து, 2006இல் முடிவு வெளியிட்டனர். வழக்கமான கவனிப்பைப் பெற்றோரைவிட இவர்களுடைய கை தெளிவாக மேம்பட்டது; ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அம்மேம்பாடு நின்றிருந்தது. இதற்கொரு வரம்பும் உண்டு. மணிக்கட்டும் விரல்களும் சிறிதளவேனும் தாமே நிமிரக்கூடியவர்க்கே இம்முறை ஏற்றது. அசைவே அற்ற கையுடையவரின் நல்ல கையைக் கட்டிவைத்தல் வெறும் துன்புறுத்தலாகும்.

எத்தனை முறை செய்தால் கை கற்கும்? 2009இல் வெளிவந்த ஆய்வொன்று அமெரிக்க, கனடா நாட்டு மருத்துவமனைகளில் 312 சிகிச்சை அமர்வுகளைப் பக்கத்தில் இருந்தே எண்ணிப் பார்த்தது. பயனுள்ள கைச்செயல் ஓர் அமர்வுக்குச் சராசரியாக 32 முறைதான் நடந்திருந்தது. விலங்காய்வுகளில் மூளை மாறுவதற்கு நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை வேண்டியிருந்தது. செல்வ நாடுகளின் நிலையே இதுவாயின், வாரம் இருமுறை அரைமணி நேரம் சென்று வரும் நம்மவர் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவருக்கு மருத்துவமனை ஒன்று அளித்த சீட்டில் மருந்துகளுக்கு ஒன்பது வரிகள் இருந்தன. கைக்கு 'பயிற்சி தொடரவும்' என்று ஒரே வரி. என்ன பயிற்சி, எத்தனை முறை, எத்துணைக் காலம் என்பதெல்லாம் நோயாளியின் ஊகத்திற்கு விடப்பட்டிருந்தன. மருந்துக்கு இவ்வாறு எழுதினால் எவரேனும் ஏற்பார்களா?

திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் 'அ'கரம் எழுதிய நம் முன்னோரையும், மதரஸாவில் பலகையில் எழுதி, கழுவி, மீண்டும் எழுதிய பிள்ளைகளையும் நினைந்துகொள்க. ஓர் எழுத்து கையில் படிய எத்தனை நாள் ஆயிற்று! அப்போது எவரும் சலிக்கவில்லை. பிள்ளை கற்கிறது என்று பொறுத்தனர். அறுபது அகவைக் கை மீண்டும் பள்ளியில் சேர்ந்திருக்கின்றது என்று கொள்ளின் நமக்கும் அந்தப் பொறுமை வரும். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் விரைவாக இருக்கும் என்பது மெய்யே. அதன் பின்னர் ஒன்றும் வாராது என்று கைகழுவுவதோ பொய். ஆண்டு கடந்த பின்னரும் பயிற்சியால் பயன் பெற்றோர் உளர்.

குடும்பமே இதனைச் செய்துவிட முடியுமா என்பதை நம் நாட்டிலேயே ஆராய்ந்திருக்கின்றனர். இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைச் சேர்த்து நடந்த ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வெளிவந்தது. ஒரு சாராரின் குடும்பத்தினர்க்குப் பயிற்சி முறைகளைக் கற்பித்து வீட்டில் தொடரச் செய்தனர். மறு சாரார்க்கு வழக்கமான கவனிப்பு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரு சாராரிலும் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ்வோரும் நூற்றுக்கு 47 பேர். வேறுபாடே இல்லை. இம்முடிவைக் கண்டு குடும்பத்தால் பயனில்லை என்று சிலர் உரைக்கக்கூடும். அதனை நான் வேறு வகையாகக் கொள்கின்றேன். ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டு, 'இனி உங்கள் பாடு' என்று வீட்டுக்கு அனுப்புதல் போதாது. ஆசிரியர் ஒருநாள் வந்து நெடுங்கணக்கைக் காட்டிவிட்டுப் போய்விட்டால், தாய் எத்துணை அன்புடையவளாயினும் பிள்ளை இலக்கணம் கற்றுவிடாது. பயிற்சி பெற்ற ஒருவர் தொடர்ந்து வந்து பார்த்து, திருத்தி, அடுத்த பாடத்துக்கு உயர்த்த வேண்டும். அன்பும் வேண்டும், ஆசானும் வேண்டும்.

ஆசான் இன்றிச் செய்தால் தீங்கும் உண்டு. வாதம் கண்ட தோள் தளர்ந்திருக்கும். எழுப்பிவிடும்போது அக்கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவி, தீராத வலியாகிவிடும். நம் வீடுகளில் இது நாள்தோறும் நடக்கின்றது. விரைவும் ஓரளவோடு இருத்தல் வேண்டும். வாதம் கண்ட முதல் நாளிலேயே மிகுதியாக எழுப்பி நடத்திய 2015ஆம் ஆண்டு ஆய்வொன்றில் விளைவு சற்றுத் தாழ்ந்தே இருந்தது.

அசைவே இல்லாத கைக்கு வழியில்லையா என்று கேட்பார்க்கு, தமிழர் ஒருவர் கண்ட எளிய கருவி ஒன்றுண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்காவில் பேராசிரியரான வி. எஸ். இராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டும் இல்லாத அந்தக் கையில் வலியுணர்ந்தவர்களுக்காக 1990களில் ஒரு கண்ணாடியை நிறுத்தினார். நல்ல கையின் நிழலுரு, இல்லாத கையின் இடத்தில் தோன்றியது. பலருக்கு வலி தணிந்தது. அவரும் உடனாய்வாளரும் அம்முறையைப் பக்கவாதத்திற்கும் கொண்டுவந்து, 1999இல் ஒன்பது நோயாளிகளைப் பற்றிய சிறு அறிக்கையை வெளியிட்டனர். மேசைமீது இரு கைகளுக்கும் நடுவே கண்ணாடி நிற்கும். நோயுற்ற கை கண்ணாடிக்குப் பின்னே மறைந்திருக்கும். நல்ல கையை அசைத்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தால், வீழ்ந்த கையே அசைவதாக மூளை காண்கின்றது. அதனோடு சேர்ந்து அக்கையையும் அசைக்க முயலவேண்டும். 2018இல் 62 ஆய்வுகளில் கலந்துகொண்ட 1,982 பேரின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, பிற சிகிச்சைகளோடு சேர்த்துச் செய்யின் கைக்கு இதனால் மிதமான நன்மை உண்டென்பது புலனாயிற்று. விலை, முகம் பார்க்கும் கண்ணாடியின் விலைதான். உலகெங்கும் மருத்துவமனைகளில் வழங்கும் இம்முறையை நம்மவர் பெரும்பாலோர் அறியாதிருத்தல் வியப்பே.

மாத்திரையால் கை வந்துவிடாதா என்னும் ஆசை எல்லார்க்கும் உண்டு. 2011இல் பிரெஞ்சு நாட்டில் 118 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், மனச்சோர்வுக்குத் தரும் புளூவாக்செட்டின் என்னும் மருந்தால் கைகால் இயக்கம் கூடியதாகக் கண்டனர். பெரும் நம்பிக்கை பிறந்தது. பின்னர் பிரிட்டனில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் ஆய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவில் அந்நன்மை காணப்படவில்லை. எலும்பு முறிவுதான் சற்று மிகுந்தது. மாத்திரை உலகம் இப்போதைக்கு இவ்வளவே. மின்தூண்டல் உண்டு; இறுகிய தசையைச் சில மாதம் தளர்த்தும் ஊசி உண்டு; கழுத்து நரம்பைத் தூண்டும் கருவி 2021இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இவை யாவும் பயிற்சிக்குத் துணையாவனவே அன்றிப் பயிற்சியின் இடத்தில் அமர்வன அல்ல.

நமக்கு அருகிலேயே இதற்கொரு நீண்ட மரபு உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்டு என்னும் ஆங்கில மருத்துவர், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயால் மடங்கிய கைகளைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவையை 1940களின் இறுதியில் தொடங்கினார். அறுவையால் கை நிமிர்ந்தது. ஆயினும் இடம் மாறிய தசைக்குப் புதிய வேலையைக் கற்பிக்க வேண்டியிருந்தது. அதற்கென மரவேலை முதலான கைத்தொழில்களை நோயாளிகளுக்குப் பயிற்றினார். அவரோடு பணியாற்றிய மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்பின்கீழ் உணர்விழந்தார். பின்னரும் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். அவர்தம் முயற்சியால் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. அண்மையில் அதே கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் இணைந்து புளூட்டோ என்னும் எந்திரத்தை உருவாக்கியுள்ளன. ஒரே விசையில் வெவ்வேறு பிடிகளை மாற்றிப் பொருத்தி மணிக்கட்டையும் விரல்களையும் பயிற்றுவிக்கும் எந்திரம் அது. திரையில் ஒரு விளையாட்டு ஓட, நோயாளி சலிப்பின்றிப் பன்முறை அசைக்கின்றார். வெளிநாட்டு எந்திரங்களின் விலையைக் கேட்டு மலைத்தவர்களுக்கு இது நற்செய்தி.

புதுச்சேரியும் வறிய ஊரன்று. 1823இல் பிரெஞ்சு ஆட்சியில் மருத்துவப் பள்ளி கண்ட நகரம் இது. அதன் வழிவந்த ஜிப்மரில் உடல் மறுவாழ்வுக்கெனத் தனித்துறை உள்ளது. அன்னை தெரசா பெயர் தாங்கிய அரசு நிறுவனம் இயன்முறை மருத்துவத்தில் பட்டப்படிப்பு நடத்துகின்றது. கோரிமேட்டுக்கும் நம் தெருக்களுக்கும் இடையே உள்ள தொலைவு சில கல்தான். ஆயினும் ஒரு கை தொங்க, ஒரு கால் இழுக்க, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு வாரம் மூன்று முறை செல்ல வேண்டியவருக்கு அது பெருந்தொலைவு. துணைக்கு வரும் மகனுக்கு அன்றைய கூலி போயிற்று. நான்காவது வாரத்தில் போக்கு நின்றுவிடும். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இயன்முறை மருத்துவர் வீடு தேடிச் செல்லும் பணியையும் சேர்த்தமைக்கு இதுவே காரணம்.

சமயச் சான்றோர் கூடும் மலராதலின் இன்னொன்றையும் கூற விழைகின்றேன். வலக்கை வீழ்ந்தவர், இடக்கையால் உண்ண நாணி விருந்துகளைத் தவிர்க்கின்றார். சஹனில் கூடி உண்ணும் வழக்கமுள்ள ஊர்களில் அவர் தனியே ஓர் அறையில் ஊட்டப்படுகின்றார். இயலாதவர்க்கு மார்க்கம் சலுகை தந்துள்ளது என்பதை நம் ஆலிம்கள் ஜும்ஆவில் ஒருமுறை எடுத்துரைத்தால் எத்தனையோ பேர் மீண்டும் சபைக்கு வருவர். அவ்வாறே வலக்கையையும் ஒதுக்கிவிடாது, ரொட்டித் துண்டொன்றைப் பற்றவாவது அதற்கு வாய்ப்பளிக்க வேண்டும். தொழுகையை உடற்பயிற்சி என்று புகழ்வோர் கூட்டத்தில் நான் இல்லை. அப்புகழ்ச்சி தொழுகையைச் சிறுமைப்படுத்துவது. எனினும் நாற்காலியில் அமர்ந்து தொழும் பெரியவர் தக்பீரின்போது நல்ல கையை மட்டும் உயர்த்தி, மற்றதை மடியில் கிடத்திவிடுவதைக் காண்கின்றோம். இயன்ற அளவு அதனையும் உடன் கொண்டுவரலாம். துஆவில் இரு கைகளையும் ஏந்தலாம். நோன்பு மாதத்தில் பயிற்சியை அறவே நிறுத்திவிடுவோரும் உளர். மருத்துவரைக் கேட்டு, நோன்பு திறந்த பின்னரோ வேறு உகந்த நேரத்திலோ மாற்றிக்கொள்வது எளிது.

ஜமாஅத் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். ஆம்புலன்ஸ் ஊர்தி வாங்குவதில் நம் அமைப்புகள் ஆர்வம் காட்டுகின்றன; வேண்டியதே. அதனோடு, பள்ளிவாசலை ஒட்டி வீணே கிடக்கும் ஓர் அறையை மாலை நேரத்திற்கு ஒதுக்கினால் போதும். இரண்டு மேசை, நான்கு கண்ணாடி, துணி மாட்டும் கிளிப்புகள், பெரிய மணிகள், குவளைகள், பழைய சட்டைகள் சில. பெண்களுக்கெனத் தனி நேரம். மாதச் சம்பளத்தில் ஓர் இயன்முறை மருத்துவர். வறியவரின் சிகிச்சைக்கு ஜகாத்திலிருந்தும் உதவ இயலுமா என்பதை ஆலிம்கள் ஆய்ந்து கூறட்டும். சமயம் பாராது தெருவார் அனைவர்க்கும் அவ்வறை திறந்திருத்தல் வேண்டும். வாதம் சமயம் பார்த்து வருவதில்லை.

எம் துறை மாணவர்க்கும் அங்கே வேலை உண்டு. நாட்டு நலப்பணித் திட்டத்தில் மரக்கன்று நடுவதோடு, வாரம் ஒரு மாலை அங்கே சென்று ஒரு பெரியவரின் அருகே அமர்க. அவருடைய கையெழுத்து எவ்வாறு இருந்தது என்று கேட்டு, அவர் பெயரைப் பெரிய எழுத்தில், புள்ளியிட்டு, தாளில் எழுதிக் கொடுங்கள். தடித்த பென்சிலில் துணி சுற்றிக் கொடுங்கள். அவர் முதல் எழுத்தைக் கோணலாக எழுதி முடிக்கும்வரை உங்கள் கையை உங்கள் மடியிலேயே வைத்திருங்கள்.